புறப்படும் வாரத்துக் கேள்விகள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விமானச் சீட்டு எடுத்த பிறகு எழுதப்பட்டவை. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அமெரிக்காவில் எனக்கு ஆகஸ்ட் 24-இல் வகுப்பு தொடங்குகிறது. ஜூலை முதல் வாரமே போய்ச் சித்தப்பா வீட்டில் தங்கலாமா? (கோவை மாணவர்)

முடியாது. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தில் அச்சாகியிருக்கும் தொடக்க நாளுக்கு 30 நாள்களுக்கு மேல் முன்னதாக எஃப்-1 என்ற மாணவர் விசாவில் நுழைய அனுமதியில்லை. வகுப்புத் தொடங்கும் நாளும் படிவத்தில் உள்ள நாளும் வேறுபடலாம் என்பதால் படிவத்தைப் பார்த்தே கணக்கிடுங்கள்.

கையில் எவ்வளவு பணம் எடுத்துப் போகலாம்? (சேலம் மாணவி)

எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதை எழுதாமல் இப்படிக் கேட்டால் பாதிப் பதில்தான் தர முடியும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புவரை அந்நிய நாணயத்தை நோட்டாகக் கொண்டுபோக நம் விதிகள் இடம் தருகின்றன. மீதியை அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவுக்கு மேல் பணம் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும் என்று போய்ச் சேரும் நாடு வைத்திருக்கும் வரம்பு தனி. அடுத்த முறை நாட்டின் பெயரையும் எழுதுங்கள்.

பெட்டியில் கறிவேப்பிலையும், நெய்யும், கசகசா சேர்த்து அரைத்த குருமாப் பொடியும் வைத்திருக்கிறோம். துபாய் வழியாக லண்டன் பயணம். (மதுரைப் பெற்றோர்)

மூன்றையும் எடுத்துவிடுங்கள். பிரிட்டனுக்குள் கறிவேப்பிலைக்கும், இந்தியாவிலிருந்து கொண்டுபோகும் பால் பொருள்களுக்கும் தடை உண்டு. நெய்யும் பால் பொருள்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். விமானம் மாறும் இடம்தானே என்று எண்ணி அதை எடுத்துப் போகவே கூடாது.

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் என் பெயரும் இனிஷியலும் மட்டும் உள்ளன. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. அடுத்த வாரம் பயணம். பாஸ்போர்ட்டை மாற்றலாமா? (திருநெல்வேலி மாணவர்)

இப்போது மாற்றவே வேண்டாம். உங்கள் விசா அந்தப் பாஸ்போர்ட்டின் எண்ணோடும் பெயரோடும் பிணைந்தது.

ஆண்டுதோறும் இதே கடிதம், இதே கடைசி வாரத்தில் வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே போதும் என்று வாழ்ந்தவர்கள் நாம். வெளிநாட்டுப் படிவங்களோ அந்தக் கட்டம் நிரம்பியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. அதில் அப்பா பெயரை எழுதினால் அங்கே உங்களை அப்பா பெயரால் அழைப்பார்கள். வெற்றாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து அச்சாகி, ஓட்டுநர் உரிமம்வரை உங்களைப் பின்தொடரும். பத்தாம் வகுப்பில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் நாளிலேயே பள்ளிகள் இதைப் பெற்றோரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும். நான் அறிந்தவரை மிகச் சில பள்ளிகளே சொல்கின்றன. பெற்றோரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: இரு பெயர்களும் ஒருவருடையவையே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குங்கள். விமானச் சீட்டில் பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் வேறுபாட்டைத் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தப் பத்திரமும் மூலச் சான்றிதழ்களும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

ஜெர்மனி விசாவுக்காக வாழ்க்கைச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் ஏறத்தாழ 12,000 யூரோ கட்டிவிட்டேன். வேறு பணம் வேண்டுமா? (திருச்சி மாணவி)

வேண்டும். அந்தத் தொகை மாதம் ஏறத்தாழ 1,000 யூரோவாகத்தான் வெளிவரும்; அதுவும் அங்கே போய்க் கணக்கைச் செயல்படுத்திய பிறகே. வீட்டு முன்பணத்தையும் முதல் மாதச் செலவையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் தேவை. அதைத் தருவாரா என்று வாடகை பேசும்போதே கேளுங்கள்.

பவர் பேங்கையும் சான்றிதழ்க் கோப்பையும் பெரிய பெட்டியில் வைக்கலாமா? (ஈரோடு மாணவர்)

இரண்டையும் வைக்கக் கூடாது. முன்னது விமான விதி. பின்னதற்கான காரணம், பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் பல்கலைக்கழகத்தில் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. மூலச் சான்றிதழ்கள் கைப்பையில், நகல் ஒன்று வீட்டில்.