இறங்க ஆள் இருக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரும் அக்டோபரில் நானும் மனைவியும் துருக்கிக்குப் போகிறோம். பன்னிரண்டு நாள். சுற்றுலாக் குழுவோடு இல்லை, தனியாகத்தான். இஸ்தான்புல், கொன்யா, கப்படோக்கியா, இஸ்மீர் என்று திட்டம். போகிற ஊரில் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும் என்று, ஆங்கிலம் வழியாகத் துருக்கி மொழி சொல்லித்தரும் சிறு புத்தகம் ஒன்று வாங்கினேன். இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். ‘நன்றி’க்கான சொல்லே வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. ‘போன்ல ஆப் இருக்கு, இந்த வயசுல எதுக்குப்பா’ என்கிறான் மகன். மனைவி சுத்த சைவம். அவளுக்குச் சாப்பாட்டுக் கவலை.

நீங்கள் அங்கே சில மாதங்கள் தங்கியிருந்ததாக எழுதியிருந்தீர்கள். இது என்னால் ஆகிற காரியமா? எதைப் படித்தால் போதும்? இன்னொன்று. துருக்கி மொழியும் தமிழும் ஒரே குடும்பம் என்று வாட்ஸப்பில் வந்ததே, அது உண்மையா?

ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள ஐயா,

அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். மொழி கடினமில்லை, நீங்கள் போகிற பாதைதான் சுற்று. கோவில்பட்டியில் இருந்துகொண்டு திருநெல்வேலிக்கு மதுரை வழியாகப் போகிறீர்கள். தமிழிலிருந்து நேராகவே துருக்கிக்குள் இறங்கலாம்.

முதலில் வாட்ஸப் செய்தி. ஒரே குடும்பம் இல்லை. அஸர்பைஜானி, உஸ்பெக், கசாக் எல்லாம்தான் துருக்கிக்குச் சொந்தக்காரர்கள். அம்மாவை அங்கே ‘அன்னெ’ என்பார்கள், தாய்மாமனை ‘தாயு’ என்பார்கள். கேட்டால் புல்லரிக்கும், ஆனால் தற்செயல்தான். மனதில் பதிய வைக்க உதவும், அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றாதீர்கள். உண்மையான ஒற்றுமை சொற்களில் இல்லை, வாக்கியம் கட்டுகிற முறையில் இருக்கிறது. இரண்டு மொழியிலும் வேர்ச்சொல்லோடு விகுதி மேல் விகுதியாக ஒட்டும். வினை கடைசியில் வந்து நிற்கும். ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனாலும் இரண்டு மொழிகள் இப்படி ஒரே மாதிரி யோசிக்கின்றன என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

உதாரணத்துக்கு ஒரு வாக்கியம்: ‘சு வார் மு?’ சு என்றால் தண்ணீர். வார் என்றால் இருக்கு. மு என்பது நம் ‘ஆ’. தண்ணி இருக்கா? அதே வரிசை. இல்லையென்றால் ‘யோக்’, அதாவது இல்லை. ஆங்கிலத்தில் இதையே ‘உங்களிடம் உண்டா’ என்று ஒரு விதமாகவும் ‘இங்கே உண்டா’ என்று வேறு விதமாகவும் கேட்க வேண்டும். துருக்கிக்காரருக்கும் நமக்கும் அந்த வம்பு இல்லை. ‘ஒதா வார் மு’, ரூம் இருக்கா. ‘பிலெத் வார் மு’, டிக்கெட் இருக்கா. வாரும் யோக்கும் இருந்தால் பாதி நாளை ஓட்டிவிடலாம். ‘எவ்’ என்றால் வீடு, ‘எவ்லெர்’ வீடுகள், ‘எவ்லெர்தெ’ வீடுகளில். ‘ஹிந்திஸ்தான்தன் கெலியோரும்’ என்றால் இந்தியாவிலிருந்து வர்றேன். ‘வர்றேன்’ என்பதற்குள் காலமும் ஆளும் அடங்கியிருப்பது போலவே ‘கெலியோரும்’ என்பதற்குள்ளும் அடங்கியிருக்கிறது. ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மிகப் பிடித்தது இது. ‘கெல்தி’ என்றால் வந்தார். ‘கெல்மிஷ்’ என்றால் வந்தாராம். நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்கிற அந்த ‘ஆம்’ துருக்கியில் வினையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பேருந்து நிலையத்தில் ஒருவர் உங்களிடம் ‘ஒத்தோபியூஸ் கித்மிஷ்’ என்றால், பஸ் போயிருச்சாம் என்கிறார். அவர் கண்ணால் பார்க்கவில்லை. இன்னொருவரிடம் விசாரித்துப் பார்க்கலாம் என்பது உங்களுக்கு அந்த நொடியே புரியும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த ஒரு விகுதியோடு மாதக்கணக்கில் போராடுகிறார்கள்.

உச்சரிப்புக்கு வருவோம். 1928 நவம்பரில் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்குச் சட்டம் போட்டு மாறினார்கள். 1929 ஜனவரி 1 முதல் புத்தகங்களே புதிய எழுத்தில்தான் வர வேண்டும் என்றானது. மொத்தம் 29 எழுத்து. உச்சரிப்பைப் பார்த்து அமைத்த எழுத்து என்பதால் எழுதியபடியே படிக்கலாம், ஒரே நாளில் கடைப் பலகைகளைப் படிக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஆங்கில ‘சி’ அங்கே ‘ஜ’, அதனால்தான் மசூதி ‘ஜாமி’. மேலே குறியிட்ட ‘ஜி’க்குச் சத்தம் கிடையாது, முந்தைய உயிரை நீட்டினால் போதும். புள்ளி இல்லாத ஓர் ‘ஐ’ எழுத்து உண்டு. உங்கள் புத்தகம் அதை விளக்கப் படாத பாடு பட்டிருக்கும். அது வேறொன்றும் இல்லை, நம் குற்றியலுகரம். காசு, பாட்டு என்று சொல்லும்போது உதடு குவியாமல் கடைசியில் ஒரு ‘உ’ வருகிறதே, அதேதான். எண் ஆறுக்கு ‘அல்து’ என்று நம் வாய்க்குத் தானாக வரும். மேலே இரண்டு புள்ளி வைத்த ‘உ’, ‘ஒ’ இரண்டும்தான் புதிது. ‘இ’ சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘உ’வுக்குக் குவியுங்கள், முதலாவது வரும். ‘எ’ சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு ‘ஒ’வுக்குக் குவித்தால் இரண்டாவது. நான் ‘யூ’ என்று எழுதுவதெல்லாம் அந்த முதல் ஒலிதான். ‘தெஷெக்கியூர் எதெரிம்’ வாயில் நுழையாவிட்டால் விடுங்கள். ‘சாஓலுன்’ என்றாலும் நன்றிதான், மரியாதையான நன்றி. உயிர் இசைவு, அதாவது வேர்ச்சொல்லின் உயிருக்கு ஏற்ப விகுதியின் உயிரும் மாறுவது, என்று புத்தகம் பயமுறுத்தினால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். லெர், லர் மாறிப்போனாலும் எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் கதுக்கோய் என்ற இடத்திலிருந்து பொஸ்தான்ஜுவுக்கு ‘தொல்முஷ்’ ஓடும். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, கொஞ்சம் பெரிய வண்டி. ‘தொல்முஷ்’ என்றால் நிரம்பியது. நிரம்பினால்தான் கிளம்பும். நடத்துனர் கிடையாது. பின்சீட்டில் இருப்பவர் ‘பிர் கிஷி’, ஒரு ஆள், என்று சொல்லி முன்னால் இருப்பவரின் தோளைத் தொட்டுப் பணத்தை நீட்டுவார். அது கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போகும், சில்லறை அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். முதல் வாரம், நான் இறங்க வேண்டிய இடம் கண்ணெதிரே வருகிறது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்க்கிறேன், பையை எடுத்து மடியில் வைக்கிறேன். பக்கத்தில் இருந்த அறுபது வயதுப் பெண்மணி என் கையில் இருந்த பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஓட்டுநரை நோக்கிக் குரல் கொடுத்தார்: ‘இனெஜெக் வார்!’ இறங்க ஆள் இருக்கு. வண்டி நின்றது. தூத்துக்குடி மினி பஸ்ஸில் எத்தனை முறை கேட்டிருப்பேன் இந்த வாக்கியத்தை! உங்கள் மகன் சொல்கிற ஆப்பை எடுத்துத் தட்டி முடிப்பதற்குள் இரண்டு நிறுத்தம் கடந்திருக்கும். மருந்துக்கடையில் ஆப்பைத்தான் நம்ப வேண்டும், அதை மறுக்கவில்லை. மற்ற இடங்களில் வாய்தான்.

அந்த அம்மாவை நான் ‘தெய்ஸெ’ என்று கூப்பிட்டு நன்றி சொன்னேன். தெய்ஸெ என்றால் சித்தி, பெரியம்மா. அப்பாவின் தங்கை, அக்காள் என்றால் ‘ஹாலா’. சித்தப்பா, பெரியப்பா ‘அம்ஜா’. நம்மைப் போலவே அம்மா வழி வேறு, அப்பா வழி வேறு. முன்பின் தெரியாதவரையும் உறவு சொல்லித்தான் அழைப்பார்கள். ஓட்டுநர் ‘ஆபி’, அண்ணன். கடையில் நிற்கும் பெண் ‘ஆப்லா’, அக்கா. ‘சென்’ என்றால் நீ, ‘சிஸ்’ என்றால் நீங்கள். யாரிடம் எது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. பயணிகளுக்கான புத்தகங்கள் எல்லாமே கேட்கிற வாக்கியங்களால் நிறைந்திருக்கின்றன. எங்கே, எவ்வளவு, கொடுங்கள், குறையுங்கள். துருக்கியில் கொடுக்கிற வாக்கியங்கள் ஏராளம். அவற்றை முதலில் படியுங்கள். இஸ்மீரின் பழைய கடைத்தெருவில் ஒரு பெண் தரையில் அமர்ந்து ‘கொஸ்லெமெ’ தேய்த்துக்கொண்டிருந்தார். நீளமான மெல்லிய கட்டை, பலகை முழுக்க விரியும் மாவு, பக்கத்தில் கவிழ்த்த இரும்புக் கல். கீரையும் சீஸும் வைத்து மடித்துச் சுடும் ரொட்டி அது. அருகே போய் ‘கொலாய் கெல்சின்’ என்றேன். வேலை லேசாக வரட்டும் என்று பொருள். வேலையில் இருக்கும் யாரைக் கடந்தாலும் சொல்லலாம், தெரு கூட்டுபவர், சுமை தூக்குபவர், வங்கி ஊழியர் யாராயினும். அவர் கை நிற்கவில்லை, ஆனால் தலை நிமிர்ந்தது. ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டு முடித்து ‘எலினிஸெ சாலுக்’ என்றேன். உங்கள் கைக்கு ஆரோக்கியம். சமைத்தவருக்குச் சொல்வது. பதிலுக்கு ‘ஆஃபியெத் ஒல்சுன்’ வரும், உடம்பில் ஒட்டட்டும் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, ஏறத்தாழ அது. காசை வாங்கும்போது சில கடைக்காரர்கள் ‘பெரெகெத் வெர்சின்’ என்பார்கள், இறைவன் வளம் தரட்டும் என்று. பரக்கத் என்று நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் புழங்குகிற அதே சொல். அரபு, பாரசீகச் சொற்களை நீக்க 1932-ல் மொழிக் கழகமே அமைத்து வேலை செய்த நாடு. கம்ப்யூட்டருக்கு ‘பில்கிசயார்’, தகவலை எண்ணுவது, என்று சொந்தச் சொல் வைத்துக்கொண்டது. பரக்கத் மட்டும் கடைக்காரர் வாயை விட்டுப் போகவில்லை. யாராவது உடம்பு சரியில்லை என்றாலோ, பணப்பை தொலைந்தது என்றாலோ ‘கெச்மிஷ் ஒல்சுன்’, கடந்துபோனதாக ஆகட்டும். விடைபெறும்போது கிளம்புகிறவர் ‘ஹோஷ்ச்சா காலுன்’ என்பார், இருப்பவர் ‘கியூலெ கியூலெ’ என்பார். சிரிச்சுக்கிட்டே போயிட்டு வாங்க. நாம் ஒரு சொல்லை இரட்டித்துச் சொல்வது போல அவர்களும் செய்வார்கள், மெல்ல மெல்ல என்பது ‘யவாஷ் யவாஷ்’. டீ கீ என்பதற்கு ‘சாய் மாய்’.

ஒரு எச்சரிக்கை, இது வாயைப் பற்றியது இல்லை. கடையில் தண்ணீர் கேட்டேன். கடைக்காரர் புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்று மேலே தூக்கினார். நம் ஊரில் அது ‘என்ன?’ அதனால் திரும்பக் கேட்டேன். திரும்ப அதே அசைவு, கூடவே ‘ச்சு’ என்று நாக்கில் ஒரு சத்தம். அங்கே அது ‘இல்லை’. மூன்றாவது முறை கேட்பதற்குள் பக்கத்தில் நின்ற பையன் ‘யோக், யோக்’ என்று சொல்லிவிட்டான்.

உங்கள் வீட்டு அம்மாவின் சாப்பாட்டுக்கு வருகிறேன். ‘எத்’ என்றால் இறைச்சி, ‘எத் யெமியோரும்’ என்றால் இறைச்சி சாப்பிடுவதில்லை. ஆனால் சிலருக்குக் கோழி, மீன் எல்லாம் ‘எத்’ கணக்கில் வராது. ‘தாவுக் யோக், பலுக் யோக்’ என்று கோழியையும் மீனையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ‘மெர்ஜிமெக் சொர்பாசு’ என்கிற பருப்பு சூப் எல்லா ஊரிலும் கிடைக்கும், நம் நாக்குக்குப் பழகியது போலவே இருக்கும். சில இடங்களில் அதை இறைச்சி வேகவைத்த நீரில் செய்வார்கள். ‘எத் சுயு வார் மு’ என்று கேட்டுவிடுங்கள். எந்தத் தட்டைக் காட்டியும் கேட்கத் தக்க ஒரு வாக்கியம் உண்டு: ‘இச்சிந்தெ எத் வார் மு?’ உள்ள கறி இருக்கா? சிறிய உணவகங்களில் சமைத்ததை எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் தட்டங்களில் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்கலாம், முகம் சுளிக்க மாட்டார்கள்.

இந்த வாக்கியத்தை நீங்கள் படித்து அம்மாவுக்காகக் கேட்காதீர்கள். அம்மாவே சொல்லிப் பழகட்டும், சாப்பிட்டதும் ‘எலினிஸெ சாலுக்’ என்று அவரே சொல்லட்டும். தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டாம். இன்று ராத்திரி அவர் தோசை வார்க்கும்போது நீங்கள் முதலில் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.