ஆறு மாதமாக முதுகுவலி, ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை, மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படியானால் என் வலி கற்பனையா?

இல்லை, உங்கள் வலி நிஜம். மூன்று மாதத்தைத் தாண்டிய வலியில், திசு ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் உஷார் நிலையிலேயே இருந்துவிடுவதுண்டு. பயமும் தூக்கக் குறைவும் "இனிமேல் குனியவே முடியாது" என்ற எண்ணமும் அதை இன்னும் கூட்டும். ஆலோசகர் கைவைப்பது அந்த இடத்தில்தான்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுதல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலம் குறைந்துகொண்டே போதல், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் போங்கள்.

பலரும் சறுக்குவது ஒரே இடத்தில். வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையை எல்லாம் முடிப்பார்கள், அடுத்த இரண்டு நாள் படுக்கை. இதை உடைக்க வேலையைக் கடிகாரத்தோடு கட்டுங்கள். அடுப்படியில் எவ்வளவு நேரம் நின்றால் வலி ஏறுகிறது என்று மூன்று நாள் குறியுங்கள். 10, 20, 15 நிமிடம் என்றால் சராசரி 15. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 12 நிமிடத்தில் தொடங்குங்கள். 12 ஆனதும் வலி இல்லாவிட்டாலும் உட்காருங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம், ஆனால் பலனே இதில்தான் இருக்கிறது. வாரம் ஒரு நிமிடம் கூட்டுங்கள். வலி திடீரென்று ஏறினால் ஓரிரு நாள் பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம்.

அடுத்தது பயம். குனிந்து பக்கெட் தூக்கவே பயமா? "தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும், வலி பத்துக்கு எட்டு" என்று முதலில் எழுதிவையுங்கள். பிறகு காலி பக்கெட்டை, பெல்ட் போடாமல், மூச்சை அடக்காமல் தூக்குங்கள். நடந்ததைப் பக்கத்திலேயே எழுதுங்கள். நினைத்தது நடக்கவில்லை என்பதை மூளை அனுபவத்தில்தான் கற்கும். ஆறுதல் வார்த்தையில் கற்காது. பயம் தணிந்த பிறகு கால் பக்கெட் தண்ணீர்.

இதனால் வலி முழுக்கப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆய்வுகளில் வலியின் அளவு சராசரியாகக் கொஞ்சம்தான் குறைகிறது. அன்றாட முடக்கமும் மனச்சோர்வும் கூடக் குறைகின்றன. ஆகவே வலிக்கு மதிப்பெண் போடுவதை விட, நின்ற நிமிடங்களையும் தூங்கிய மணிநேரத்தையும் குறித்து வாருங்கள். வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்: மணிக்கொருமுறை "வலிக்குதா?" என்று கேட்க வேண்டாம், உங்கள் வேலையைப் பிடுங்கிச் செய்யவும் வேண்டாம்.