அதே ஐந்து பாட்டு, இரண்டாவது முறை

அன்புள்ள சார்,

அக்கா மகள் பிறந்தநாளுக்கு ட்வைஸ் என்ற கொரியப் பெண்கள் பாட்டுக் குழுவின் ஜப்பானிய சிடி வேண்டும் என்று கேட்டாள். 2017இல் வந்த '#ட்வைஸ்'. தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தேன். உள்ளே இருந்த படம் போட்ட அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு சிடியை என் கையிலேயே திணித்துவிட்டாள். சரி, காசு கொடுத்ததாயிற்று என்று நானே போட்டுக் கேட்டேன். பத்துப் பாட்டு என்று போட்டிருக்கிறது, உண்மையில் ஐந்துதான். கொரிய மொழியில் ஒருமுறை, ஜப்பானிய மொழியில் ஒருமுறை. இது வெறும் டப்பிங் இல்லையா? அந்த ஊருக்கென்று நாலு புதுப் பாட்டு போடக்கூடாதா? அப்புறம், 35 வருடம் ஜப்பானுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டின் பெண்கள் அந்த மொழியிலேயே பாடுவது அங்கே யாரையும் உறுத்தவில்லையா?

க.

அன்புள்ள க.,

ஐந்தைப் பத்தாக்கி விற்றார்கள் என்பதில் நான் உங்கள் கட்சி. ஆனால் 2017 ஜூன் 28 அன்று அந்த சிடி ஜப்பானியக் கடைகளுக்கு வந்தபோது வாங்கியவர்கள் ஏமாந்து வாங்கவில்லை. அதற்கு முன்பே அங்கே பள்ளிக்கூடப் பெண்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கண்ணுக்குக் கீழே ஆங்கில 'T' எழுத்துபோல வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2016 அக்டோபரில் கொரியாவில் வந்த 'டிடி' பாட்டின் அபிநயம் அது. கொரிய எழுத்தில் 'உ' என்ற உயிரெழுத்து ஏறக்குறைய அந்த 'T' மாதிரி இருக்கும், இரண்டைச் சேர்த்துப் போட்டால் கண்ணீர் வழியும் முகம், கொரியாவில் செல்போனில் அழுகைக்கு அதைத்தான் தட்டுவார்கள். ஏற்கெனவே ஊருக்குள் புகுந்துவிட்ட பாட்டை விட்டுவிட்டு யாருக்கும் தெரியாத நாலு பாட்டோடு போய் நின்றிருந்தால் வியாபாரம் ஆகியிருக்காது. முதல் வாரத்திலேயே 1,30,000 பிரதிகளுக்கு மேல் போனது, ஜப்பானின் இசை விற்பனைப் பட்டியலான ஒரிகானில் அந்த வாரம் இரண்டாம் இடம். நீங்கள் கேட்கும் புதுப் பாட்டும் நாலே மாதத்தில் 'ஒன் மோர் டைம்' என்று வந்துவிட்டது, மறு வருடம் முழு ஆல்பமும் வந்தது. ஆக இது ஆல்பம் என்பதைவிட விசிட்டிங் கார்டு. அந்தக் கார்டையே 2019, 2020, 2022 என்று நம்பர் போட்டு மறுபடி மறுபடி அச்சடித்தார்களே, அதற்கு என்னிடம் சாக்கு இல்லை.

உறுத்தவில்லையா என்றால், நன்றாகவே உறுத்தியது. ஜப்பானிய மொழிப் பாட்டு சிடிகளைக் கொரியாவில் விற்க 2004 ஜனவரி வரை அனுமதியே கிடையாது. கிம் டே-ஜுங் அதிபராக இருந்தபோது 1998இல் தொடங்கி ஜப்பானியப் படம், பாட்டு எல்லாவற்றுக்கும் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கொரியாவில் தடை இருந்த காலத்திலேயே, 2002இல், போவா என்ற கொரியப் பெண் ஜப்பானிய மொழியில் பாடி ஒரிகானில் முதலிடம் பிடித்துவிட்டார். 2011 கடைசி நாளில், ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே வருடக் கடைசி இரவில் நடத்தும் 'கோஹாகு' பாட்டு நிகழ்ச்சியில் மூன்று கொரியக் குழுக்கள் ஏறின. அடுத்த ஆகஸ்டில் கொரிய அதிபர் லீ மியுங்-பாக், இரண்டு நாடும் உரிமை கொண்டாடும் டோக்டோ தீவில் போய் இறங்கினார், ஜப்பானிய டிவியில் கே-பாப் என்னும் கொரிய பாப் இசை மெலிந்துபோனது. கோஹாகு மேடையில் அடுத்து ஒரு கொரியக் குழு ஏறியது 2017 டிசம்பர் 31 அன்றுதான். ஏறியது ட்வைஸ், பாடியது 'டிடி'.

இதில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ட்வைஸின் ஒன்பது பேரில் மூன்று பேர் ஜப்பானியர்கள். மோமோ, சானா, மினா, மூவரும் கியோட்டோ, ஒசாகா, கோபே பக்கத்துப் பெண்கள். இன்னொருவர் ட்சூயு, தைவான்காரர், பாவம், அவருக்கு இரண்டுமே அந்நிய மொழி.

டப்பிங் என்ற வார்த்தையில்தான் எனக்குத் தகராறு. டப்பிங் என்றால் மூலம் ஒன்று இருக்க வேண்டுமே. இந்த சிடியில் உள்ள 'சியர் அப்' பாட்டு கொரியாவில் பைத்தியமாகப் பரவியபோது எல்லார் வாயிலும் நின்றது சானாவின் ஒரே ஒரு துண்டுதான். 'ஷை ஷை ஷை' என்ற ஆங்கிலச் சொல்லை அவர் 'ஷா ஷா ஷா' என்று பாடினார். கொரியப் பாட்டு, ஆங்கிலச் சொல், ஜப்பானியப் பெண்ணின் வாய். 'நாக் நாக்' பாட்டுக்கு மெட்டமைத்த இருவரில் ஒருவர் மாயு வாகிசாகா, அவரும் ஜப்பானியர். அந்தப் பாட்டு ஜப்பானிய மொழியில் வந்ததைத் தாய்வீட்டுக்கு வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

நான் இந்த சிடியைப் பாதுகாத்து வைத்திருப்பதற்குக் காரணமே அந்த இரட்டைப் பட்டியல்தான். ஒரே மெட்டில் இரண்டு மொழி என்ன செய்கிறது என்று இவ்வளவு வசதியாக வேறெங்கும் கேட்க முடியாது. கொரியச் சொல் வாயை டப்பென்று மூடும். இரவு என்றால் 'பம்', கனவு என்றால் 'க்கும்', ஒரு தட்டுக்கு ஒரு சொல். ஜப்பானியத்தில் அதே இரண்டும் 'யொரு', 'யுமே', இரண்டிரண்டு தட்டு. சொல் பெரும்பாலும் உயிரில்தான் முடியும், மெய்யில் முடிந்தால் அது 'ன்' மட்டுமே. ஆங்கில 'நாக்'கையே 'நொக்கு' என்று ஆக்கிக்கொள்வார்கள், நாம் பஸ்ஸு, பல்பு என்று நீட்டுகிறோமே, அதே பழக்கம். ஆகவே அதே மெட்டுக்குள் கொரிய மொழியில் சொன்ன சேதி அத்தனையும் நுழையாது, எழுதுபவர் எதையாவது கீழே இறக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். 'சிக்னல்' பாட்டில் வரும் 'ஜிரிட் ஜிரிட்' நம் இரட்டைக்கிளவி மாதிரி, உடம்பில் சுரீரென்று ஓடுவதைச் சொல்வது. ஜப்பானியருக்கு அந்த உணர்ச்சிக்கு 'பிரிபிரி' என்று ஒன்று உண்டு. ஒன்று வெட்டி நிற்கிறது, இன்னொன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

என் காதுக்கு 'லைக் ஊ-ஆ' ஜப்பானியத்தில் பல் உதிர்ந்துபோய் வருகிறது, கொரியப் பாட்டின் அந்தத் திமிர் இல்லை. 'டிடி' ஏறக்குறைய சமம், சிணுங்கலுக்கு இரண்டு மொழியிலும் பஞ்சமில்லை. 'நாக் நாக்' மட்டும் ஜப்பானியத்தில்தான் எனக்குப் பிடிக்கிறது, நீட்டிப் பாடும் இடங்களில் அந்த உயிரெழுத்துகள் சுகமாக உட்கார்ந்துகொள்கின்றன. சிடியை அக்கா மகளிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு ஜோடியையாவது அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

அட்டையில் வந்தது யார் என்று நீங்கள் எழுதவே இல்லை. சானாவாக இருந்தால் உங்கள் அக்கா மகள் சிடியைத் தூக்கிக் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.