பார்சிலோனாவில் அதே கைப்பக்குவம், குறைந்த பில்

கேள்வி: மே மாதம் நானும் என் கணவரும் பார்சிலோனா போகிறோம். டிஸ்ஃப்ரூதார் உணவகத்தில் ஒருவேளையாவது சாப்பிட ஆசை. ஆனால் ஆளுக்குச் சுமார் 300 யூரோ, ஒயின் தனி என்றதும் தயக்கமாகிவிட்டது. இப்படிப் பெரிய உணவகம் நடத்துகிறவர்களே தனியாகத் தாப்பாஸ் (சின்னத் தட்டுகளில் வரும் ஸ்பெயின் பதார்த்தங்கள்) கடையும் வைத்திருக்கிறார்களாமே, அங்கே அந்த ருசி கிடைக்குமா? (வாசகி, கோவை)

பதில்: தாராளமாகப் போங்கள். பெரிய உணவகத்தில் நீங்கள் கொடுக்கும் பணம் சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. மூன்று நான்கு மணி நேரம் ஒரே மேசை உங்களுக்கு, வரிசையாக வந்துகொண்டே இருக்கும் சின்னச் சின்னப் பதார்த்தங்கள், உள்ளேயும் வெளியேயும் நிற்கும் அத்தனை ஆட்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. தாப்பாஸ் பாரில் இதெல்லாம் கிடையாது, ஒரே நாற்காலியில் ஒரு ராத்திரிக்குப் பல பேர் உட்கார்ந்து எழுவார்கள், பொருளும் உருளைக்கிழங்கு, முட்டை, உப்பிட்டுக் காயவைத்த காட் மீன் என்று சாதாரணமாகத்தான் இருக்கும். அதனால்தான் விலை இறங்குகிறது. சமையல்காரரின் கை மட்டும் மாறுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியம்.

எல் புல்லி என்ற புகழ்பெற்ற ஸ்பெயின் உணவகத்தில் அதன் தலைமைச் சமையல்காரர் ஃபெரான் அத்ரியாவிடம் வேலை பார்த்த கார்லஸ் அபெயான், கொமெர்ஸ் 24 என்று மிச்செலின் நட்சத்திரம் (சிறந்த உணவகங்களுக்குத் தரும் மதிப்பு) வாங்கிய உணவகம் நடத்தினார். கூடவே பசேட்ச் தெ கிராசியா என்ற பெரிய சாலைக்குப் பக்கத்தில், படியிறங்கிப் போகிற தளத்தில், தாப்பாஸ் 24 என்று ஒரு சின்னக் கடை. பெரிய உணவகத்தை 2015-ல் மூடிவிட்டார்கள், ஆனால் அதன் பெயரைத் தாங்கிய ‘பிகினி கொமெர்ஸ் 24’ என்ற சாண்ட்விச் சின்னக் கடையின் தட்டில் தொடர்ந்து வந்தது. மெல்லிய ரொட்டிக்குள் ஹாம் (பதப்படுத்திய பன்றி இறைச்சி), மொசரெல்லா சீஸ், கறுப்பு ட்ரஃபிள் (மண்ணுக்குள் விளையும் வாசனைக் காளான்) வைத்து அழுத்திச் சுட்டு, சின்னத் துண்டுகளாக வெட்டித் தருவது. தட்டு மேசைக்கு வருவதற்குள் ட்ரஃபிள் வாசனை வந்துவிடும். டீக்கடை அளவுக்கு எளிய ஒரு சாண்ட்விச்சில் இவ்வளவு செய்ய முடியுமா என்று தோன்றும் பாருங்கள், அதற்காகவே போகலாம்.

டிஸ்ஃப்ரூதார் நடத்தும் மூவரும் (ஓரியோல் காஸ்த்ரோ, எதுவார்த் சாத்ருக், மத்தேயு கசான்யாஸ்) எல் புல்லியில் இருந்தவர்கள்தான். அவர்களுடைய கொம்பார்த்தீர் 2012-ல் கதகேஸ் ஊரில் தொடங்கியது, 2022-ல் பார்சிலோனாவுக்கும் வந்தது. அது பார் இல்லை, தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடும் உணவகம். நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் அதற்குப் போங்கள்.

பில் விஷயத்தில் மட்டும் கவனம். ஒவ்வொரு தட்டும் சின்ன விலையாகத் தெரியும், ஆசைப்பட்டு எட்டு தட்டு சொல்லி, ஆளுக்கு மூன்று கோப்பை ஒயினும் குடித்தால் தொகை எங்கேயோ போய்விடும். முதலில் இரண்டு மூன்று தட்டு சொல்லுங்கள், சாப்பிட்டுவிட்டு அப்புறம் அடுத்தது. உள்ளூர்க்காரர்கள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சாப்பிட வருவார்கள், அதற்கு முன்னால் போனால் கவுன்டரிலேயே இடம் கிடைக்கும். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022-லிருந்து ஸ்பெயினில் சட்டமே இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். தாப்பாஸ் பாரில் எங்களுக்கு ஏதாவது தேறுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தேறும், ஆனால் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். குரோக்கெத்தா பார்க்க உருளைக்கிழங்கு போண்டா மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் ஹாம். சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா அருமையானது, அதன் மேலே நெத்திலியை வைத்துவிடுவார்கள். “மாமிசம் இல்லாமல்” என்று மட்டும் சொன்னால் சூரை மீன் வந்து நிற்கலாம். “சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதாவது கறி, ஹாம், மீன் மூன்றும் வேண்டாம். தக்காளி தேய்த்த ரொட்டி நம்பிச் சாப்பிடலாம். பத்ரோன் மிளகாய் கிடைத்தால் விடாதீர்கள். விரல் நீளப் பச்சை மிளகாயை ஆலிவ் எண்ணெயில் தோல் கொப்பளிக்கப் பொரித்துக் கல்லுப்பு தூவித் தருவார்கள், காம்பைப் பிடித்து அப்படியே கடிக்க வேண்டியதுதான். பெரும்பாலும் காரம் இருக்காது, எப்போதாவது ஒன்று சுள்ளென்று இருக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தொர்த்தியாவும் (உருளைக்கிழங்கு போட்ட ஆம்லெட்) உண்டு.

கேள்வி: ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது. அங்கே என்ன கேட்பது? (வாசகர், மதுரை)

பதில்: “உனா கோப்பா தெ காவா” என்று கேளுங்கள், ஒரு கோப்பை காவா. பார்சிலோனாவுக்குப் பக்கத்துப் பெனதேஸ் வட்டாரத்தின் நுரைக்கும் ஒயின் அது. ஷாம்பெய்ன் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைத்து, குறைந்தது ஒன்பது மாதம் வைத்திருந்து வெளியே விடுகிறார்கள். எண்ணெயில் பொரித்ததற்கும் உப்பு மீனுக்கும் அது நன்றாகப் போகும், ஷாம்பெய்ன் விலையும் இல்லை. பாட்டில் வாங்கவே வேண்டாம், கோப்பை கோப்பையாகக் கேட்டால் ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று வகை பார்த்துவிடலாம். குடிக்கிற பழக்கம் இல்லாதவர்கள் மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு கேட்கலாம்.