உங்களை மேற்பார்க்கப் போவது யார் என்று கேளுங்கள், தம்பி

ஊரில் சிபிஎல் (வணிக பைலட் உரிமம்) முடித்து 200 மணி நேரம் ஓட்டிய அனுபவம் கையில் இருக்கிறது, கிரீன் கார்டும் வந்துவிட்டது, அமெரிக்காவில் எந்த ஏர்லைனில் சேரலாம், டல்லாஸில் வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை நெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்லைன் இப்போதைக்கு இல்லை. 2009-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் என்ற ஏர்லைனின் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு சட்டத்தை மாற்றினார்கள். 2013 முதல் வலது சீட்டுக்கே, அதாவது துணை பைலட்டுக்கே, ஏடிபி என்ற ஏர்லைன் பைலட் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அந்த விமானத்தின் இரண்டு பைலட்டுகளுக்கும் அதைவிட அதிகமாகவே இருந்தது, அது வேறு கதை.

ஆக, முக்கால்வாசிப் பேர் மாதிரி நீங்களும் இன்ஸ்ட்ரக்டராகித்தான் மணி சேர்க்கப் போகிறீர்கள். கவனம் இங்கேதான் வேண்டும். கனடாவில் புது இன்ஸ்ட்ரக்டர் ஒரு சீனியரின் மேற்பார்வையில்தான் சொல்லிக்கொடுக்க முடியும். இங்கே சர்டிபிகேட் வாங்கிய மறுநாளே தனியாக இறங்கிவிடலாம். உங்களை இன்ஸ்ட்ரக்டராக்குகிறவருக்குத்தான் நிபந்தனை: பொதுவாக 2 வருட அனுபவம், 200 மணி நேரம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சத்தில் நிற்கிறவரிடம் போகாதீர்கள், தலை நரைத்தவராகத் தேடுங்கள். அரிசோனா வெயிலில், செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் மேலேறவே திணறும் மத்தியானங்களில், நான் சொல்லிக்கொடுத்தது சரியா தப்பா என்று ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை.

ஏர்லைனுக்குள் போனால் நிலைமை எவ்வளவோ மேல். ஜெட்டில் முதல் 25 மணி நேரம் செக் ஏர்மேனோடு, அதாவது புதியவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கும் கேப்டனோடு. அப்புறமும் அந்த ரக விமானத்தில் 100 மணி சேரும்வரை, குறுக்குக் காற்றின் வேகம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) தாண்டினாலோ ரன்வே வழுக்கினாலோ சாதாரண கேப்டன் லேண்டிங்கை உங்களிடம் தர முடியாது, அவரேதான் இறக்க வேண்டும். இருவரில் ஒருவருக்காவது அந்த ரகத்தில் 75 மணி இருக்க வேண்டும். இதைப் படிக்காமலே நம்ம பையன்கள் சிலர் "நிறத்தைப் பார்த்துத்தான் லேண்டிங் தரவில்லை" என்று வாட்ஸ்அப்பில் புலம்புவார்கள். நிறம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்தான், ஆனால் இது அதுவல்ல.

எனக்கு எரிச்சல் இடது சீட்டின் மேல், அதாவது கேப்டன் சீட்டின் மேல். துணை பைலட்டாக 1,000 மணி ஆனால் கேப்டனாகலாம். 2022-ல் ஏர்லைன்கள் ஆள் கிடைக்காமல் அலைந்தபோது, இரண்டாவது பனிக்காலம் பார்க்காதவர்களெல்லாம் கேப்டனாகிப் புதியவர்களுக்குப் புத்தி சொன்னார்கள்.

நான் புதிதாகச் சேர்ந்தபோது என் செக் ஏர்மேன் மினசோட்டாக்காரர், ரொம்பப் பேசமாட்டார். அந்த மாநிலத்தின் டுலூத் ஊரில் காற்றடிக்கும்போது என்னையே இறக்கச் சொல்வார். அவருடைய இடது கை கண்ட்ரோலிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நிற்கும், தொடாது. கேட்டில் நிறுத்தியதும் "காற்று எந்த உயரத்தில் மாறியது?" என்று மட்டும் கேட்பார். 25 மணி நேரம் முடிந்தும் கையெழுத்துப் போடாமல் இன்னும் சில நாள் இழுத்தார், என் பேட்ச் பசங்களுக்கு ஒரே சிரிப்பு. இப்போது நானும் செக் ஏர்மேன், நானும் சிலருக்கு இழுக்கிறேன், முதுகுக்குப் பின்னால் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

ஆங், கிரீன் கார்டு இருந்தாலும் பயிற்சிக்கு முன் டிஎஸ்ஏ (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி வாங்க வேண்டும். அதற்கு இன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.