‘ஜனாஸா’ என்று எழுதத் தெரியாத நிருபர்

கேள்வி: ஊடகக் கற்கை படிக்கிறேன். செய்தியாளனுக்கு இனமும் இல்லை, மொழியும் இல்லை என்று வகுப்பில் சொல்கிறார்கள். செய்தி எடுக்கப் போனால் ஆட்கள் முதலில் கேட்பதே ‘எந்தப் பேப்பர், தமிழா சிங்களமா?’ என்றுதான். எது சரி?
- வாசகர், உப்புவெளி

பதில்: கேட்கிற ஆட்கள்தான் விபரமானவர்கள், தம்பி.

நான் நிருபரான புதிதில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, அது 2009 இல்தான் வந்தது. ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் அக்கரைக்குப் போய், கடலில் இறந்த ஒரு மீனவரின் வீட்டாரோடு பேசிவிட்டு வந்து ‘இறுதிக்கிரியை நடைபெற்றது’ என்று எழுதி அனுப்பினேன். அடுத்த தடவை போனபோது தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் பேப்பரை நாலாக மடித்து, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “எங்கட ஆளுக்கு ஜனாஸா எண்டு எழுதத் தெரியாதா?” என்றார். முஸ்லிம்கள் இறுதிக்கிரியையை ‘ஜனாஸா’ என்பார்கள். அவர் பேசியதும் தமிழ்தான். நான் எழுதியது என் வீட்டுத் தமிழ் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

சிங்களப் பத்திரிகை நண்பர்களோடு இடைவெளி இன்னும் பெரிது. மே 18 நமக்கு முள்ளிவாய்க்கால் நினைவேந்தல், மறுநாள் அவர்களுக்கு ‘ரணவிரு’ நாள், அதாவது படைவீரர் நாள். முடிந்தது ஒரே யுத்தம்தான். அப்புறம் இன்னொன்று, தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது, ஆனாலும் கூட்டம் முடிந்து கையில் தருகிற அறிக்கை சிங்களத்தில் மட்டும் இருந்த நாட்கள் எனக்குக் கொஞ்சமல்ல. நம்மவன் பாதி நிருபர், பாதி மொழிபெயர்ப்பாளர். (இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது.)

அதற்காக உங்கள் வகுப்பில் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். 2006 ஜனவரி 2 அன்று நமது திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் இறந்தபோது, அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தது என்றுதான் படைத்தரப்பு சொன்னது. ‘சுடர் ஒளி’ பத்திரிகை நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். இந்த ஊர்த் தமிழ் நிருபர் என்பதால் அந்தச் சாவுகள் அவருக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆனால் பத்திரிகைக்கு அவர் அனுப்பியது காயத்தின் படம். அதைப் பார்க்கத் தமிழும் வேண்டாம், சிங்களமும் வேண்டாம்.

அதுசரி, உங்களுக்குச் சிங்களம் வாசிக்க வருமா? கடிதத்தில் அதை எழுதவில்லையே.