1000 மடங்கில் படம் மங்குவது ஏன்?

கேள்வி: பள்ளி ஆய்வகத்துக் கூட்டு நுண்ணோக்கியில் 10 மடங்கு கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டு 25 மடங்கு லென்ஸைப் போட்டேன். 40 மடங்கு பொருளருகு லென்ஸுடன் சேர்ந்து 1000 மடங்கு ஆகிறது. ஆனால் வெங்காயத் தோல் பெரிதாகத் தெரிகிறதே ஒழிய, ஒரே மங்கல். லென்ஸ் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. கணக்கும் சரிதான், இரண்டு மடங்குகளையும் பெருக்கினால் மொத்த உருப்பெருக்கம் வந்துவிடும். ஆனால் நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் வேலை பொருளருகு லென்ஸுடையது. அது கோட்டைவிட்ட விவரத்தைக் கண்ணருகு லென்ஸால் கொண்டுவர முடியாது.

அந்த 40 மடங்கு லென்ஸின் பக்கவாட்டைப் பாருங்கள். 40/0.65 என்றும், பெரும்பாலும் அதன் கீழே 160/0.17 என்றும் பொறித்திருக்கும். 0.65 என்பதுதான் உயிரான எண். என்.ஏ. என்பார்கள், எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை லென்ஸ் உள்வாங்குகிறது என்பதன் அளவு. பிரிதிறனுக்கு எல்லை வைப்பவை இதுவும் ஒளியின் அலைநீளமுமே என்று ஜெர்மனியின் யேனா நகரில் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் விளக்கினார். பச்சை ஒளியில் 0.65க்கு அந்த எல்லை ஏறத்தாழ அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்குள் இருக்கும் இரண்டு புள்ளிகள், எத்தனை மடங்கு பெருக்கினாலும், ஒன்றாகத்தான் தெரியும்.

என்.ஏ.வை 500ஆலும் 1000ஆலும் பெருக்கிப் பாருங்கள்: 325, 650. பயனுள்ள உருப்பெருக்கம் இந்த இரண்டுக்கும் இடையில்தான். உங்கள் பழைய 400 கச்சிதமாக உள்ளே இருந்தது. 1000 வெளியே போய்விட்டது. '2000 மடங்கு' என்று விளம்பரப்படுத்தும் மாணவர் நுண்ணோக்கிகளை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் தயவுசெய்து வாங்காதீர்கள்.

கீழே பொறித்திருக்கும் 160/0.17இல் 160 என்பது நுண்ணோக்கிக் குழாயின் நீளம், 0.17 என்பது மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் தடிமன், இரண்டும் மில்லிமீட்டரில். கவர் ஸ்லிப் இல்லாவிட்டாலும், ஸ்லைடைத் தலைகீழாக வைத்தாலும் 40இல் படம் கெடும். இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உண்மையான 1000 வேண்டுமென்றால் 100/1.25 எண்ணெய் லென்ஸோடு (ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் இடையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸ்) பழைய 10ஐயே போடுங்கள். எண்ணெயின் ஒளிவிலகல் எண் கண்ணாடியை ஒட்டி, சுமார் 1.515 இருப்பதால், காற்றில் தப்பிப்போகும் ஒளியும் லென்ஸுக்குள் வரும். எல்லை கால் மைக்ரான் அளவுக்கு இறங்கும். பாக்டீரியா பார்க்க அது தேவை.

வெங்காயத் தோலுக்குத் தேவையே இல்லை. கண்ணருகு லென்ஸின் புல எண் (அது காட்டும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) 18 என்றால், 40இல் நீங்கள் பார்க்கும் வட்டத்தின் விட்டம் 18/40, அதாவது 0.45 மில்லிமீட்டர்தான், சில செல்களிலேயே வட்டம் நிறைந்துவிடும். முதலில் 100 மடங்கில் செல்களின் அடுக்கைக் காட்டுங்கள். பிறகு ஒரு சொட்டு அயோடின் விட்டு, 400இல் உட்கருவைக் காட்டுங்கள்.